பாலனின் தொப்புள்

என் மேசை இழுப்பறையில் ஒரு கோணி ஊசி கிடக்கிறது. சாக்குத் தைக்கிற, நுனி சற்றே வளைந்த இரும்பு ஊசி. இராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் பேனா தேட வருபவர்கள் அதை எடுத்துப் பார்த்து, "என்ன சார், மூட்டை வியாபாரமா?" என்று சிரிப்பார்கள். அது என் சித்தியின் ஊசி. பாம்பனுக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரை ஊரில் கருவாட்டு மூட்டை தைத்துத் தைத்து வழவழப்பாகிப்போனது.

நான் கல்லூரி முடித்திருந்த வருடம் அது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால் கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பது, விளக்கம் சொல்வது எல்லாம் என் தலையில் விழுந்தன. நானும் ஆசையோடுதான் சுமந்தேன். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது யோவானின் முதல் திருமுகம் என்ற கடிதத்தைப் பற்றி மைக் பிடித்துப் பேசினேன். அந்த ஆதிக் காலத்திலேயே சிலர், கடவுள் உண்மையில் உடம்பெடுக்கவில்லை, உடம்பு இருப்பதுபோலத் தோன்றினார், அவ்வளவுதான் என்று வாதாடியிருக்கிறார்கள். அவருக்குப் பசி ஏது, வலி ஏது என்பது அவர்கள் கட்சி. அதை மறுக்கத்தான் அந்தத் திருமுகம், கண்ணால் பார்த்தோம், கையால் தொட்டோம் என்று சாட்சி சொல்வதுபோலத் தொடங்குகிறது என்றேன். எழுதப் படிக்கத் தெரியாத சித்தி பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் பாலன் சுரூபத்துக்கு வர்ணம் பூசும் வேலையும் எனக்கே வந்தது. பழைய சிலை, உப்புக்காற்றில் பொரிந்திருந்தது. முழங்காலில் ஒரு பொத்தல், தோளில் ஒன்று, வயிற்றில் ஒன்று. எல்லாவற்றையும் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வர்ணம் அடித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் சித்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். வருடாவருடம் பாலனை எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துணி சுற்றுவது அவள்தான். மோதிர விரலை எண்ணெயில் நனைத்து வயிற்றில் வைத்தவள், அங்கேயே தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏலே, தொப்புள எங்க?"

குடிலில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த கோயில் காரியங்களைப் பார்க்கும் எங்கள் ஊர் உபதேசியார் எனக்காகப் பேச வந்தார். "விடு தாயி. சாமிக்கு எதுக்குத் தொப்புளு? துணியச் சுத்துனா யாருக்குத் தெரியப்போகுது?"

"அப்ப மாதா பத்து மாசம் சொமக்கலையா? சந்தையில வாங்கிட்டா வந்தாக?"

"அட, அவரு கடவுளோட பிள்ளைங்கறேன்…"

"பிள்ளைன்னா கொடி இருக்கும் உபதேசியாரே. நீரு ஒண்ணு பெத்துப் பாரும், தெரியும்."

உபதேசியார் சிரித்துவிட்டார். சித்தி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். "மைக்குல என்னலே சொன்ன? தொட்டோம்னு எழுதியிருக்குன்ன. இப்ப நான் எதத் தொட? இது பிள்ள இல்ல, பொம்ம. இதுக்கு நான் துணி சுத்த மாட்டேன்." கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நான் பிறப்பதற்கு முன்பு சித்திக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்து நாலாம் நாள் இறந்திருக்கிறது. "கொடி விழுகுறதுக்குள்ள போயிருச்சுப்பா. தொப்புளுக்கு எண்ணெ வைக்க அவளுக்குக் குடுத்துவைக்கல." ஒவ்வொரு வருடமும் அந்த விரலைப் பார்த்திருக்கிறேன். சுரூபத்துக்கு மெருகேற்றுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். யாரை மறுத்து அந்தத் திருமுகம் எழுதப்பட்டது என்று மைக்கில் விளக்கினேனோ, அவர்கள் வேலையைப் பட்டியும் உப்புத்தாளும் வைத்து நானே செய்து முடித்திருந்தேன்.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். மூட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஊசியக் குடு சித்தி."

"எதுக்கு?"

"தொப்புளுக்கு."

கோத்திருந்த சணலை உருவிவிட்டு ஊசியை நீட்டினாள். "பையத் தோண்டுலே. பச்சப்பிள்ள வயிறு."

மத்தியானம் அவளே வந்து எண்ணெய் வைத்துத் துணி சுற்றினாள். ஊசியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

இப்போது சித்தி இல்லை. பழைய சுரூபமும் இந்த வருடம் உடைந்துபோனது. கோயிலுக்குப் புதிதாக ஃபைபரில் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். நேற்று உபதேசியார் போன் செய்தார். குடில் வேலையைப் பற்றியெல்லாம் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார். "வயிறு மொழுமொழுன்னு இருக்குலே. வரும்போது அந்த ஊசிய எடுத்துட்டு வா."

இழுப்பறையைத் திறந்தேன். அவர் இன்னும் போனை வைக்கவில்லை.

"எண்ணெ நான் வாங்கி வச்சுட்டேன்," என்றார்.