கைக்குத் திரும்பாத சீட்டு

அந்தப் புறநகரில் துணைமின் நிலையத்து ஆபரேட்டரம்மாவைத் தெரியாதவர்கள் இல்லை, பிடித்தவர்களும் இல்லை. விளக்கு எரிகிற நாளில் யாரும் அவளை நினைத்ததில்லை. அணைந்தால் அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள். அவளும் வாயில் குறைந்தவள் இல்லை. ஃபோனை எடுத்து, வரும்போது வரும் என்று சொல்லி வைத்துவிடுவாள்.

ஒரு கோடை மதியத்தில் கடைத்தெருவுக்குப் போகும் கம்பி அறுந்தது. லைன்மேன் வந்து, அனுமதிச் சீட்டில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கம்பமேறப் போனார். அதற்கு முன்பே அவள் அந்த லைனை நிறுத்தி, சுவிட்சின் மேல் 'ஆள் வேலை செய்கிறார்' என்ற பலகையை மாட்டியிருந்தாள். வேலை முடிந்து சீட்டு அவள் கைக்குத் திரும்பும்வரை அந்தச் சுவிட்சைத் தொடக் கூடாது.

அரைமணி வேலை என்றார்கள். மூன்று மணி நேரம் இழுத்தது. வெயில் மண்டையைப் பிளக்க, நாற்பது பேர் கதவை உதைத்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவர் அவளுடைய அக்கா புருஷன். அவருடைய மீன்கடையில் பெட்டி பெட்டியாக ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

ஜன்னலோரம் வந்து குரலைத் தாழ்த்தினார். "லைன்மேன் கீழ இறங்கிட்டான். என் கண்ணால பாத்துட்டுதான் வரேன். போடு."

"சீட்டு எங்க அத்தான்?"

"சொந்தக்காரன் சொல்றது பத்தாதா?"

"பத்தாது."

அவர் முகம் கறுத்தது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, வேண்டுமென்றே நம்மைச் சாகடிக்கிறாள் என்று கத்தினார். எங்கிருந்தோ வந்த கல் கண்ணாடியை உடைத்து அவள் புருவத்தைக் கிழித்தது. ஒரு கையால் ரத்தத்தை அழுத்திக்கொண்டு, சுவிட்சை முதுகால் மறைத்து நின்றாள். பயம் இருந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு லைன்மேன் வந்தார். உடம்பெல்லாம் வேர்வை. இப்போதுதான் இறங்கினேன் என்று சீட்டை நீட்டினார். அதைக் கேட்டதும் அத்தான் கூட்டத்துக்குள் நழுவினார். தெருவில் மின்சாரம் வந்ததும் கூட்டம் கலைந்தது. மன்னிப்பென்று ஒருவரும் வாயெடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவளை மாற்றச் சொல்லி மேலதிகாரிக்கு மனு போனது. அறுபத்திரண்டு கையெழுத்து; அதில் இரண்டாவது கையெழுத்து அக்காவுடையது. அதிகாரி விசாரித்தார், லைன்மேன் நடந்ததைச் சொன்னார், மனு கிடப்பில் விழுந்தது.

பிறகு ஒரு நாள் அக்கா இவள் வீட்டுக்கு வந்து, கையைப் பிசைந்தபடி உட்கார்ந்தாள்.

"அவர் ஏதோ அவசரத்துல சொல்லிட்டாரு. மனசுல வெச்சுக்காத."

"அன்னிக்கு நான் போட்டிருந்தா, அந்த லைன்மேன் பொண்டாட்டிகிட்டயும் போய் இப்படித்தான் சொல்லியிருப்பியா?"

அக்கா எழுந்து, வைத்த தண்ணீரைத் தொடாமல் போனாள். இவள் வாசல்வரைகூடப் போகவில்லை.