நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர்

எங்கள் தெருவில் கார் வைத்திருப்பவர்கள் ஒன்பது பேர். காருக்காகவே வாழ்கிறவர் ஒருவர்தான், என் பக்கத்து வீட்டு பன்னீர்செல்வம். புதுப்பட்டினத்தில் குடியிருந்துகொண்டு அரசாங்க அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடுகிறவர். வேலை மில்லிமீட்டரில். வீட்டில் கவலையும் மில்லிமீட்டரில்தான்.

போன வருடம் சின்னதாக ஒரு சிவப்புக் கார் வாங்கினார். வாங்கிய வாரமே செங்கல்பட்டிலிருந்து மைத்துனர் சம்பத் பார்க்க வந்தார். சம்பத்திடம் இருப்பது ஏணி போட்டு ஏற வேண்டிய உயரத்தில் ஒரு வண்டி. அவர் புதுக் காரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "இன்னா மாமா, இதுல ஏறணுமா, இல்ல இத மாட்டிக்கணுமா?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்தோம். பன்னீர்செல்வமும் சிரித்தார். ஆனால் உள்ளே தைத்துவிட்டது. ஒரு நல்ல நாளில், சம்பத் வீட்டு வாசலில், இதே காரில், மனைவி வரலட்சுமியோடு ஒரு கீறல் இல்லாமல் போய் இறங்க வேண்டும். அதற்கு மேல் அவருக்கு இந்தப் பிறவியில் ஆசை கிடையாது.

அந்த ஆசைக்கு முதல் அடி திருக்கழுக்குன்றம் சாலையில் விழுந்தது. ஒரு வேகத்தடையில் காரின் அடிப்பக்கம் உரசி 'கர்ர்ர்க்' என்றது. அன்று மனிதர் சாப்பிடவில்லை. பாயை விரித்துக் காருக்கு அடியில் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் தடவித் தடவிப் பார்த்தார். "எனக்குப் பிரசவம் ஆனப்போகூட இவரு மொகம் இப்படி வாடல" என்றார் வரலட்சுமி.

காருக்கும் தரைக்கும் நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர் இடைவெளி என்று கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருந்தது. ஆள் ஏறினால் எவ்வளவு குறையும் என்று அதில் இல்லை. அந்தக் குறையை இவர் தீர்த்துவைத்தார். டேப்பும் நோட்டுமாகப் போய், செங்கல்பட்டு வரைக்கும் இருபத்திரண்டு வேகத்தடைகளையும் அளந்தார். இரண்டு வகையாகப் பிரித்தார். 'அ' என்றால் யாரும் இறங்க வேண்டாம். 'ஆ' என்றால் கனமானவர் இறங்கிக்கொள்ள வேண்டும்.

கனமானவர் யார் என்பதில் குழப்பமே இல்லை. வரலட்சுமி எண்பத்து நான்கு கிலோ. பன்னீர்செல்வம் எண்பத்தாறுதான், ஆனால் ஓட்டுகிறவர் இறங்கிவிட்டால் வண்டி எப்படிப் போகும்? நியாயம்தானே!

அன்றிலிருந்து 'ஆ' வந்தால் கார் நிற்கும். "லட்சுமி, எறங்கு" என்பார். அந்த அம்மாள் இறங்கி, வேகத்தடையை நடந்து தாண்டி, மறுபடி ஏறிக்கொள்வார். வழியோர டீக்கடைக்காரர்களுக்கெல்லாம் அவர் பழக்கமாகிவிட்டார். "இன்னாம்மா, இன்னிக்கி லேட்டு?" என்று ஒருவர் விசாரிக்கிற அளவுக்கு.

நான் ஐம்பத்திரண்டு கிலோ. ஆகவே கூடப் போகும்போதெல்லாம் முன் சீட்டு எனக்கு. ஒரு பெண்மணி வெயிலில் நடக்க, நான் உட்கார்ந்திருப்பது வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஏசி நன்றாக இருந்தது.

இந்தச் சித்திரையில் அந்த நல்ல நாள் வந்தது. சம்பத்தின் மகள் சஹானாவுக்கு நிச்சயதார்த்தம். அத்தை முறையில் வரலட்சுமி பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மடியில் பழத்தட்டோடு பின் சீட்டில் உட்கார்ந்தார். முன் சீட்டில் வழக்கம்போல் நான். டிக்கியில் இன்னும் ஆறு தட்டுகள். பன்னீர்செல்வம் கணக்குப் போட்டுவிட்டு அறிவித்தார்: டிக்கி கனத்தால் இன்று எல்லாமே 'ஆ'.

எட்டு வேகத்தடைகளில் வரலட்சுமி வாய் திறக்காமல் இறங்கி ஏறினார். பட்டுப்புடவை வேர்வையில் முதுகோடு ஒட்டிவிட்டது. ஒன்பதாவது, ஒரு பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தட்டை சீட்டில் வைத்துவிட்டு இறங்கப் போனார்.

"தட்டையும் எடுத்துக்கினு எறங்கு லட்சுமி. பழம் மூணு கிலோ கீது."

வரலட்சுமி அவரை ஒரு பார்வை பார்த்தார். தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கார் ஏறி இறங்கியது. "பாத்தீங்களா ராகவன் சார், ஒரு சத்தம் இல்ல!" என்று பூரித்துப்போய்க் கண்ணாடியில் பார்த்தார். சாலையில் மனைவியைக் காணவில்லை. பின்னால் வந்து நின்ற டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. முதல் ஜன்னலில் வரலட்சுமி, மடியில் தட்டு.

அடுத்த நிறுத்தத்தில் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு ஓடினார். "எறங்கு லட்சுமி."

"இது பெரிய வண்டிங்க. இதுல யாரையும் எறங்கச் சொல்ல மாட்டாங்க" என்றார் வரலட்சுமி. கண்டக்டர் விசில் அடித்தார்.

மீதி வழி முழுக்க பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனோம். பதின்மூன்று வேகத்தடைகள். ஒன்றில்கூட உரசல் இல்லை. ஒரு வருடமாக அவர் கேட்க ஆசைப்பட்ட நிசப்தம் கிடைத்தது. அவர்தான் அழுதுவிடுகிறவர் மாதிரி இருந்தார்.

சம்பத் வீட்டு எதிரிலேயே பஸ் நிற்கும். வரலட்சுமி தட்டோடு இறங்கினார். பின்னால் கீறல் இல்லாத சிவப்புக் கார். வாசலில் நின்ற சம்பத் பஸ்ஸைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், காலிப் பின் சீட்டைப் பார்த்தார்.

"இன்னா மாமா, எங்க அக்காவுக்கு வண்டில எடம் இல்லையா?"

இந்த முறை அவர் கிண்டல் செய்யவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. பன்னீர்செல்வம் டிக்கியைத் திறந்து தட்டுகளை இறக்க ஆரம்பித்தார். நானும்தான்.

சாயங்காலம் வரலட்சுமி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். பன்னீர்செல்வம் காரின் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "வா" என்று மட்டும் சொன்னார். ரொம்ப நேரம் நின்றார். யாரும் சொல்லாமலே நான் பின் சீட்டுக்குப் போய்விட்டேன். கடைசியில் வரலட்சுமி திரும்பி வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

முதல் வேகத்தடை வந்தது. பழக்கத்தில் கார் நின்றது. வரலட்சுமியின் கை தானாகவே கதவுப் பிடிக்குப் போனது.

பன்னீர்செல்வம் அந்தக் கையைப் பார்த்தார்.

"உக்காரு லட்சுமி" என்றார். கர்ர்ர்க்.