முற்றத்தில் நின்ற பட்டாளத்து லாரி

ராணுவம் கழித்துப்போட்ட லாரி ஒன்றை மாமா ஏலத்தில் எடுத்துவந்து முற்றத்தில் நிறுத்தியபோது எனக்கு எட்டு வயது. மாமா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அப்பாவின் தங்கையைக் கட்டியவர். எங்களுக்கு அடுத்த வீடு. லாரி எதற்கு என்று ஊரே கேட்டது. பிடித்திருந்தது, வாங்கினார்.

அடுத்த இரண்டு வருஷத்தில் அந்த லாரியைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லாமல் போயிற்று. டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் பூட்டினார். பழைய பஸ் இருக்கை ஒன்றைப் பிடித்துவந்து வைத்தார். பிரேக்கை மூன்று முறை மாற்றினார். வண்டி ஓடாத நாளிலும் சாயங்காலமானால் ரோட்டரைக் கழற்றி எடுத்துவிடுவார். கட்டைவிரல் அளவு சாமான்; அது இல்லாவிட்டால் பிளக்குக்குப் பொறி போகாது, வண்டி கிளம்பாது. பட்டாளத்தில் எதிரி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடாமலிருக்க அப்படித்தான் செய்வார்களாம். எங்கள் தெருவில் எதிரி யாரும் கிடையாது. இருந்தாலும் அந்த ரோட்டர் ஒவ்வொரு நாளும் அவர் அலமாரியில்தான் தூங்கும்.

எதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தாள் என்பது என் கட்சி. முற்றத்தில்தான் பொங்கலிட வேண்டும். முதல் வருஷம் இன்ஜின் தரையில் கிடந்தது, இரண்டாம் வருஷம் சக்கரம் கழன்று வண்டி செங்கல்மேல் நின்றது. இரண்டு தடவையும் நகர்த்த வழியில்லை. சூரியனுக்கு வைத்த பானையை லாரிதான் முதலில் பார்த்தது. மூன்றாம் வருஷம் மார்கழியில் அத்தை கெடு வைத்துவிட்டாள்.

"இந்தத் தைக்கும் இதோட பின்பக்கத்தப் பாத்துப் பொங்க வைக்க மாட்டேன். யாருக்காவது குடுத்துருங்க."

பெரிய கொடுமை என்னவென்றால், லாரி அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. ஓடுகிற லாரிக்கு ஆள் கிடைப்பது சுலபம். மணிமுத்தாறு மேட்டில் கல் ஏற்ற வண்டி தேடிக்கொண்டிருந்த அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார். மாமா சரி என்றார். அவர் சரி என்ற விதம் எனக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிறு காலையில் அலமாரியிலிருந்து ரோட்டரை எடுத்தேன். எங்கே ஒளிப்பது? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்: எதிரியின் இடத்தில் யார் தேடப்போகிறார்கள்? அடுக்களைக்குப் போய் அத்தையின் மஞ்சள்பொடி டப்பாவுக்குள் புதைத்துவிட்டு வந்தேன். வழியில் பிள்ளையாருக்கு ஒரு விடலைத் தேங்காயும் நேர்ந்துகொண்டேன். மாமா சாப்பிடாமல்கூட பழைய வேட்டித் துணியால் லாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி வந்து சேரும்போது பதினோரு மணி. அடுக்களையில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. மாமா அலமாரியைத் துழாவினார், சட்டைப் பைகளைத் துழாவினார், பரணில் ஏறினார்.

"இங்கனதான வச்சேன். நீ பாத்தியா?" என்று அத்தையிடம் கேட்டார்.

அத்தை அடுக்களை வாசலில் நின்று, "நா எதுக்கு உங்க இரும்பத் தொடுதேன்?" என்றாள். கேட்டதும் எனக்கு ஆத்திரம் வந்தது. சிரிப்பும் வந்தது.

ரோட்டர் எங்கேயும் வாங்கலாம், ஜங்ஷனில் கிடைக்கும், நாளைக்கே ஓட்டிக் காட்டுகிறேன் என்று மாமா நேர்மையாகச் சொல்லிப் பார்த்தார். அண்ணாச்சி காப்பியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு சாமான் காணாமப் போன வண்டில இன்னும் என்னென்ன காணலையோ, யாரு கண்டா சார்வாள்? பைய பாப்போம்."

அவர் தலை மறைந்ததும் நான் மஞ்சள் டப்பாவைத் திறந்து கைவிட்டுப் பார்த்தேன். ரோட்டர் இல்லை. இரண்டு தடவை துழாவி, முழங்கைவரை மஞ்சளோடு வீட்டுக்கு ஓடிப்போனேன்.

மறுநாள் காலை ரோட்டர் அலமாரியில் வழக்கமான இடத்தில் இருந்தது, நன்றாகக் கழுவித் துடைத்து. "பத்து தடவ இங்கன பாத்தேனே" என்று மாமா தலையைச் சொறிந்தார். லாரி முதல் திருகிலேயே கிளம்பிற்று. எல்லாம் பிள்ளையார் வேலை என்று நான் ஐயத்துக்கு இடமில்லாமல் முடிவுகட்டி, நேர்ந்த தேங்காயை உடைத்தேன். பொங்கலன்று மாமா லாரியைத் தெருவில் இறக்கி நிறுத்தினார். அத்தை முற்றம் நிறையக் கோலம் போட்டாள். கெடுவைப் பற்றி யாரும் பேசவில்லை.

பருப்பில் மஞ்சள் போட அந்த டப்பாவைத் திறந்தவள் அத்தை ஒருத்திதான் என்பதும், மாமா சாப்பிடாமல் வண்டியைத் துடைத்ததை அடுக்களைச் சன்னல் வழியாக அவள் காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஜெயித்த மிதப்பில் இருந்தேன். லாரியை விரட்டப் பார்த்தவள் என்று அந்தப் பொங்கல் முழுக்க அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை, என் இலையில் மட்டும் அவள் இரண்டாம் தடவை நெய் விட்டபோதுகூட.