வம்புக் கண்ணாடியில் வந்தவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இதை எனக்குச் சொன்னது ஹில்க்கா. தம்பேரெ நகரத்து மருந்துக்கடையில் நின்றே தலை நரைத்தவள். மருந்தில் ஒரு சொட்டு கூடவோ குறையவோ விடமாட்டாள். பேச்சிலும் அப்படித்தான்.

போன நவம்பரில் ஹில்க்கா தன் தங்கை ராய்லியை ரௌமாவுக்கு அழைத்துப் போனாள். பழைய மர வீடுகளும் கல் பாவிய சந்துகளுமாக இருக்கும் ஊர். ராய்லியின் கணவன் ஓஸ்மோ வசந்தத்தில் இறந்திருந்தான். அதற்குப் பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே வந்ததே இல்லை. இரண்டு நாள் ஊர் சுற்றினால் மனசு கொஞ்சம் தேறும் என்று அக்கா நினைத்தாள்.

தெல்லர்வோ என்ற பெண்மணியின் வீட்டு மாடியில் அறை எடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, சட்டத்தில், ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்த்துப் பொருத்தியிருந்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே சந்தில் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். அந்த ஊரில் அதற்கு வம்புக் கண்ணாடி என்றே பெயர்.

"உனக்குன்னே செஞ்சு வச்சிருக்காங்கக்கா" என்றாள் ராய்லி. "ஊர்க்கதை ஒண்ணுகூட விடமாட்டே."

"போடி. போய்க் காபிக்கு ஏலக்காய் ரொட்டி வாங்கிட்டு வா."

பல மாதங்களுக்குப் பிறகு தங்கை கேலி பேசியதில் ஹில்க்காவுக்குச் சந்தோஷம். காபியைக் கொதிக்க வைத்துவிட்டு ஜன்னலருகே உட்கார்ந்தாள். பிற்பகல்தான். ஆனாலும் இருட்டத் தொடங்கிவிட்டது. தெருவிளக்குகள் எரிந்தன.

கண்ணாடியில் ஒரு கிழவி தெரிந்தாள். விளக்குக் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். சாம்பல் நிறச் சால்வை. அந்தக் குளிரில் காலில் ஒன்றுமில்லை.

பாவமாக இருந்தது. ஹில்க்கா எழுந்து, ஜன்னல் வழியே நேராகக் கீழே பார்த்தாள்.

சந்து காலியாக இருந்தது.

மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். கிழவி இருந்தாள். இப்போது பக்கத்து வீட்டு வாசலில்...

நேராகப் பார்த்தாள். யாருமில்லை.

கண்ணாடியில் பார்த்தாள். கிழவி இந்த வீட்டு வாசலுக்கே வந்திருந்தாள். முகத்தை மேலே தூக்கியிருந்தாள். அவள் பார்வை ஹில்க்கா மேல் இல்லை. எதையோ காது கொடுத்துக் கேட்பவள் போல நின்றாள்.

சந்தின் முனையில் ராய்லி திரும்பினாள். கையில் ரொட்டிப் பொட்டலம்.

கிழவி சட்டென்று திரும்பினாள். ராய்லியை நோக்கி நடந்தாள். பக்கத்தில் போனாள். அவள் கையோடு கை கோத்துக்கொண்டாள்.

ஹில்க்கா ஜன்னலைப் படபடவென்று தட்டினாள். ராய்லி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். நேராகப் பார்த்தால் அவள் தனியாகத்தான் வந்துகொண்டிருந்தாள்.

மரப்படியில் காலடி கேட்டது. டக்... டக்... டக்...

அதன் பின்னால் இன்னொன்று. வெறுங்கால். இழுத்து இழுத்து...

கதவு திறந்தது. ராய்லி உள்ளே வந்தாள். கதவை உடனே மூடவில்லை. யாருக்கோ வழி விடுவது போல, பிடித்துக்கொண்டே நின்றாள்.

"கதவை மூடுடி!"

"ஏன்க்கா கத்துறே?"

"உன்கூட யாரு வந்தா?"

"யாரும் வரலையே."

அவளுடைய இடது முழங்கை மடிப்பில் மட்டும் கோட்டு நனைந்திருந்தது. ஹில்க்கா தொட்டுப் பார்த்தாள். பனிக்கட்டியாகச் சில்லிட்டது.

கண்ணாடியைப் பார்த்தாள். சந்து காலி.

பின்னால் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

அவர்கள் இருவருமே நின்றுகொண்டிருந்தார்கள்.

காபியைக்கூடக் குடிக்கவில்லை. அன்று மாலைப் பேருந்திலேயே கிளம்பிவிட்டார்கள். வழியெல்லாம் ராய்லி இருக்கையின் ஓரத்தில் ஒடுங்கியே உட்கார்ந்து வந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு தெல்லர்வோ போன் செய்தாள்.

"உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும், தப்புதான். அந்தக் கண்ணாடியில ஒரு கிழவியப் பார்த்தீங்களா?"

ஹில்க்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எங்க அம்மா காலத்துலேருந்து இருக்கா. யாரையும் ஒண்ணும் பண்ணமாட்டா, சும்மா நிப்பா. அங்க தங்குறவங்க எல்லாருமே பார்த்திருக்காங்க. ஆனா நீங்க போனதுக்கப்புறம்... யார் கண்ணுலயும் படலைங்க."

ஹில்க்கா அழைப்பைத் துண்டித்தாள். உடனே தங்கைக்குப் போன் போட்டாள். மணி வெகுநேரம் அடித்தது.

"ராய்லி! நல்லாயிருக்கியாடி?"

"மெதுவாப் பேசுக்கா..." ராய்லியின் குரல் கிசுகிசுத்தது. "வெறுங்கால்ல கம்பளி சுத்திவிட்டேன், இப்பத்தான் கண்ணசந்தாங்க."

யார் என்று ஹில்க்கா கேட்கவில்லை.