இருபதாம் நிமிடத்து மணி

செய்தி காலை பதினொன்றே காலுக்கு வந்தது. அலுவலகத்தில் பிரிண்டரின் வயிற்றைத் திறந்து, சிக்கிக்கொண்ட தாளை இழுத்துக்கொண்டிருந்தேன். அழைத்தது அத்தை.

"மாமா கடையில உக்காந்தபடியே போயிட்டாருப்பா" என்றாள். குரலில் அழுகை இல்லை. "பக்கத்துக் கடைக்காரர் டீ கொண்டுபோய் வச்சிருக்கார். ஆறிப்போயும் எடுக்கலையேன்னு தொட்டுப் பாத்திருக்கார்."

"சரி அத்தை" என்றேன். இன்னொரு முறையும் "சரி" என்றேன். தாள் பாதி கிழிந்து என் கையோடு வந்திருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது தொழில். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரே ஒரு ஷட்டர் அகலத்தில் கடை. உள்ளே போனால் வார்னிஷ் நெடி மூக்கைப் பிடிக்கும். கொஞ்ச நேரம் நின்றால் பழகிவிடும். செம்புக் கம்பியைச் சுற்றும்போது மாமா யாரிடமும் பேசமாட்டார். வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்து இடது கையின் ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். பொறு என்று அர்த்தம். பொறுக்காமல் பேசிவிட்டவர்களிடம், "கணக்கு விட்டுப்போச்சு. மறுபடி முதல்லேருந்து. கூலியும் முதல்லேருந்து" என்பார். எண்ணிக்கை முடிந்த இடத்தில் அவர் கை தானாக நின்றுவிடும். தூக்கத்தில் எழுப்பிச் சுற்றச் சொன்னாலும் நிற்கும் என்பாள் அத்தை.

இந்தக் குணத்துக்காகத்தான் சேவைச் சங்கத்தில் அவருக்கு மணி கிடைத்தது.

எங்கள் ஊர்ச் சேவைச் சங்கம் மாதத்துக்கு ஒருமுறை வங்கிக்கு மேலே இருக்கும் கூடத்தில் கூடும். பள்ளிகளுக்குப் பெஞ்சு, கண் பரிசோதனை முகாம், நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி என்று அவர்களால் ஆனதைச் செய்வார்கள். துணிக்கடை, மருந்துக்கடை முதலாளிகள், பல் மருத்துவர், ஓய்வுபெற்ற அதிகாரிகள். நகக்கண்ணில் கறுப்போடு வந்து உட்கார்ந்த ஒரே உறுப்பினர் மாமா. பல் மருத்துவரின் கம்ப்ரஸரைப் பழுது பார்க்கப் போன இடத்தில் பழக்கமாகி, அவர்தான் சேர்த்துவிட்டார்.

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு விருந்தினர் பேசுவார். மைக்கைக் கொடுத்தால் யாரும் லேசில் விடுவதில்லை என்பதால் சங்கத்தில் ஒரு விதி. பேச்சு இருபது நிமிடம். ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும்போது மேசை மணியில் ஒரு தட்டு. முடிந்ததும் இரண்டு தட்டு. சங்கத் தலைவர் கையை உயர்த்தினால் மட்டுமே நேரத்தை நீட்டலாம். மாமாவிடம் மணி வந்த பிறகு யாருக்கும் சலுகை கிடைத்ததில்லை. இதய நோய் நிபுணர் ஒருவர், "மாரடைப்பு வந்தவுடன் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது..." என்று தொடங்கிய இடத்தில் அடித்துவிட்டார். அவரும் உட்கார்ந்துவிட்டார். "யோவ் மணியாரே, அதை மட்டும் சொல்ல விட்டிருக்கலாம்ல?" என்று சாப்பாட்டு மேசையில் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். "அதை முதல்ல சொல்லியிருக்கணும்" என்றார் மாமா.

அன்றுமுதல் அவருக்கு மணியார் என்றே பேர்.

இன்னொரு கிண்டலும் உண்டு. ஊரில் குழாயில் தண்ணீர் வராத நாள்களில், "என்ன மணியாரே, உங்க வீட்டு வேலையா?" என்று யாராவது கேட்பார்கள். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். அம்மா மட்டும் அந்தக் கிண்டலைக் கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் அப்பா, அதாவது என் தாத்தா, நகராட்சியின் நீரேற்று நிலையத்தில் வால்வு பார்த்தவர். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்பது அவர் கையில் இருந்த சக்கரத்தைப் பொறுத்தது. ஒரு நாள் நண்பகலில் கடைத்தெரு தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி வந்தது, ஆட்கள் குழாயை மாட்டினார்கள், தண்ணீர் வரவில்லை. கடைத்தெருவுக்குப் போகும் பிரதான வால்வு மூடியிருந்தது. துணிக்கடைகள் வரிசையாக எரிந்தன. ஒரு காவலாளி இறந்துபோனார். விசாரணையில் தாத்தா, "நான்தான் மூடினேன்" என்றார். ஏன் என்றதற்குப் பதில் சொல்லவில்லை. வேலை போயிற்று. சாகும்வரை வீட்டிலும் சொல்லவில்லை.

அப்போது நகராட்சியின் முதல் சேர்மன் பதவியில் இருந்தார். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் அவர்தான். தேர்தலில் தனக்கு எதிராக வேலை செய்த கடைத்தெருவைக் காயவைக்க அவரே வால்வை மூடச் சொன்னார் என்று சிலர் சொல்வார்கள். தாத்தா குடித்துவிட்டுத் தப்பான சக்கரத்தைத் திருப்பினார் என்று பலர் சொல்வார்கள். தாத்தா குடித்து நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ரவுண்டானாவில் சிலையாக நிற்பவர் சேர்மன். தண்ணீர்த் தொட்டியைக் காட்டியபடி கை நீட்டியிருக்கிறார். அந்தக் கைக்கு எதிராக நாங்கள் எதைக் காட்டுவது?

உண்மை என்னவென்று ஒரே ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் மாமாவின் வாழ்நாள் ஆசை. எரிந்த கடைகளின் பிள்ளைகள்தான் சங்கத்தில் பாதிப் பேர். அவர்கள் காதிலும் அது விழ வேண்டும்.

சென்ற ஆண்டு சங்கத் தலைவராக வந்த ஜவுளிக்கடைக்காரர், "சிலையைத் தினமும் சுத்தி வர்றோம், அவரைப் பத்தி நமக்கு என்ன தெரியும்? இந்த மாசம் சேர்மனைப் பத்தித் தெரிஞ்சுக்குவோம்" என்றார். யாரைப் பேசக் கூப்பிடுவது என்ற கேள்வி வந்தது. சங்கத்தில் அதுவரை எதையும் முன்மொழியாத மாமா எழுந்தார். "சேர்மனோட பி.ஏ. இருக்கார். தொண்ணூறு தாண்டியாச்சு. ஞாபகம் நல்லாருக்கு" என்றார். போய்ப் பேசி ஒப்புதல் வாங்கி, வாடகைக் கார் பிடித்து அழைத்து வந்ததும் அவரே. குடும்பத்தோடு வரலாம் என்றதால் நானும் அத்தையும் போனோம்.

சேர்மனின் உதவியாளராக இருந்த அந்தப் பி.ஏ. மெலிந்த மனிதர். மைக்கைப் பிடிக்காமல் மேசையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"சேர்மனுக்கு ரெண்டே சட்டைன்னு எழுதுறாங்க. பொய். பதினாலு. எல்லாம் ஒரே மாதிரி தைச்சது, அதனால உங்களுக்குத் தெரியல" என்றார். கூடம் சிரித்தது. "சிலைல கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாரே, அவர் கையை நீட்டி நான் பாத்ததில்ல. பின்னால கட்டிக்குவார். நீட்டினாத்தான் சிலைக்கு எடுப்பா இருக்கும்னு சிற்பி சொல்லிட்டார்."

மாமா ஒரு தட்டுத் தட்டினார். பி.ஏ. அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டார். நிதானமாக, தம்ளர் காலியாகும்வரை குடித்தார்; மிச்ச நேரத்தில் பெரும்பகுதி அதிலேயே போயிற்று. வாயைத் துடைத்துக்கொண்டு வேறு குரலில் பேசினார்.

"கடைத்தெரு எரிஞ்ச அன்னைக்கு என்ன நடந்ததுன்னு இதுவரைக்கும் என்னை யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அன்னைக்குக் காலையில நீரேற்று நிலையத்து ஆளு சேர்மன் ரூமுக்கு வந்தார். உள்ளே மூணே பேர். சேர்மன், அவர், ஓரமா நான். அந்த ஆள் கையில தொப்பிய வச்சுக்கிட்டு நின்னார். சேர்மன் அவரைப் பாத்து..."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தையும் ஜவுளிக்கடைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். ஜவுளிக்கடைக்காரர் பின்பக்கம் சாய்ந்து, சாப்பாட்டுக்கு நாற்காலி போதுமா என்று யாரிடமோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். அவர் கை உயரவில்லை. மாமாவின் கை உயர்ந்தது. இரண்டு தட்டு.

"அடடா, நேரம் ஆயிடுச்சா" என்றார் பி.ஏ. வாழ்நாள் முழுக்க மணிக்கு எழுந்து மணிக்கு உட்கார்ந்த அலுவலக மனிதர். "மன்னிக்கணும்" என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். ஜவுளிக்கடைக்காரர் நிமிர்ந்து கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள். மாமா பாதி எழுந்து வாயைத் திறந்தார். அதற்குள் மருந்துக்கடைக்காரர் நன்றியுரைக்கு மைக்கைப் பிடித்துவிட்டார். அவருக்கு மணி கிடையாது.

திரும்பும்போது காரில் கேட்டுவிடலாம் என்று மாமா நினைத்திருக்கிறார். ஆனால் அதே வழியில் இறங்க வேண்டும் என்று பல் மருத்துவரும் ஏறிக்கொண்டு, வழி முழுக்கப் பி.ஏ.வின் பற்களைப் பற்றிப் பேசினார். இந்த வயதில் சொந்தப் பல் என்பது அவருக்கு அப்படி ஒரு ஆச்சரியம். வீட்டு வாசலில் பி.ஏ. மாமாவின் கையைப் பிடித்து, "நீங்க அவரோட மகன்தானே? முகம் அப்படியே இருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க, மிச்சத்தைச் சொல்றேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை அவருக்குப் பக்கவாதம் வந்தது.

"எனக்கு என்னடா ஆச்சு?" என்று மாமா என்னிடம் ஒருமுறைதான் கேட்டார். "எண்ணிக்கை முடிஞ்சது, கை அடிச்சிடுச்சு. கேக்கணும்னு கூட்டிட்டு வந்தவனே நான்தான்."

உயிர் பிழைத்த பி.ஏ.வுக்கு ஒரே ஒரு சொல் மிஞ்சியது. ஆமா. பசிக்குதா என்றால் ஆமா. பசிக்கலையா என்றால் ஆமா. மாமா ஒவ்வொரு ஞாயிறும் போய் அவர் கட்டிலருகே உட்கார்ந்தார். சில தடவை நானும் போயிருக்கிறேன்.

"ஐயா, சேர்மன்தானே மூடச் சொன்னார்?"

"ஆமா."

மாமாவின் முகம் ஒரு கணம் மலரும். பிறகு அவரே, "எங்கப்பாதான் தப்பா மூடினாரா?" என்பார்.

"ஆமா."

பி.ஏ.வின் மகள் வாசற்படியில் நின்றபடி, "அப்பா, நீங்க பொம்பளைதானே?" என்று கேட்டாள். "ஆமா" என்றார் அவர். சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே பிடிக்காதவர்போல் கண்ணை மூடிக்கொண்டார். "எல்லாம் புரியுதுண்ணே அவருக்கு. வாய்க்குத்தான் வழி தெரியல" என்றாள் மகள். அவர் கண்ணோரம் ஈரமாக இருந்தது. மாமா அவர் போர்வையைச் சரிசெய்தார். செய்வதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

எழுத்துகளைத் தொட்டுக் காட்டவைத்தால் என்ன என்று மாமாவுக்குத் தோன்றியது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "சொல்லே வராதவருக்கு எழுத்து வர்றது கஷ்டம் சார். மனசுல ரொம்ப வச்சுக்காதீங்க" என்றாள். மாமா கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு ஒரு பிளைவுட் பலகை வாங்கினார்.

"உயிரும் மெய்யும் மட்டும் எழுதினாப் போதாதா மாமா?" என்றேன்.

"அவர் அலுவலகக்காரர்டா மாப்ள. அரைகுறையா நீட்டினா திருப்பி அனுப்பிடுவார்" என்றார். "இருநூத்தி நாப்பத்தேழு எழுத்து. நம்ம ஆளுங்க சின்ன மோட்டாரா கட்டி வச்சிருக்காங்க?"

கம்பி சுற்றுகிற அதே பொறுமையோடு, கட்டம் போட்டு, வேலைக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில் வெள்ளைப் பெயிண்டால் எழுதினார். யாராவது பேசினால் இடது கையில் ஒரு விரலை உயர்த்தினார்.

மாமாவின் இறுதிச் சடங்குக்குச் சங்கத்தார் எல்லாரும் வந்திருந்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் என் தோளில் கை வைத்து, "மணியை இனி யாருகிட்டக் குடுக்கிறதுன்னே தெரியல தம்பி" என்றார். மனதாரத்தான் சொன்னார். எரிந்த கடையின் மகன் அவர். அவரிடம் எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது, ஆனால் அது என்னவென்று எனக்கே தெரியாது. "வந்ததுக்கு நன்றி சார்" என்றேன்.

அடுத்த ஞாயிறு நான் பி.ஏ. வீட்டுக்குப் போனேன். "காலையிலேருந்து வாசலையே பாத்துக்கிட்டிருக்கார்" என்றாள் மகள். நான் கட்டிலருகே மாமா உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஐயா, மாமா இறந்துட்டார்."

அவர் என்னைப் பார்த்தார். உதடு வேறெதற்கோ குவிந்தது.

"ஆமா" என்றார்.

திரும்பும் வழியில் கடையைத் திறந்தேன். பாதி சுற்றிய காயில் ஒன்று மேசையில் இருந்தது. எத்தனையாவது சுற்றில் நிற்கிறதென்று இனி யாருக்கும் தெரியாது. பலகை சுவரில் சாய்ந்திருந்தது. கட்டங்கள் கடைசிவரை பென்சிலால் போட்டிருக்கின்றன. எழுத்து மகர வரிசை வரைதான் இருக்கிறது.