கோடு ஏன் இறங்கியது

இங்கே எதற்கும் ஒரு கோட்டுப்படம். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் சமையலறைச் சுவரில்கூட, வாரத்துக்கு எத்தனை லீட்டர் பால் செலவானது என்று ஒரு கோடு ஏறி இறங்கிக் கிடக்கிறது. போன மாதம் ஒரு வாரம் அது சட்டென்று விழுந்திருந்தது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அன்று முழுக்க இருப்புக்கொள்ளவில்லை.

இலங்கையில், பதுளையில் நர்ஸாக இருந்த நான் இங்கிலாந்திலும் நர்ஸாகப் பதிய ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். கோட்டுப்படத்தைப் பார்த்து விவரிக்கும் கேள்வியில் இரண்டு முறை சறுக்கிவிட்டேன். மூன்றாவது முறையும் போனால் விசா முடியும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பயிற்சி வகுப்பெடுக்கும் ஹெலன் என் தாளில் சிவப்புக் கோடாக இழுத்து வைத்திருந்தார்.

"இறங்கியது என்று மட்டும் எழுதுங்கள். மழை பெய்திருக்கலாம் என்கிறீர்களே, படத்தில் மழை எங்கே?"

"காரணம் சொல்லாவிட்டால் அடுத்து ஏன் என்று கேட்பார்களே?"

"யார் கேட்பார்கள்?"

எனக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்து அதையே மெதுவாக, உரத்த குரலில் திரும்பக் கேட்டார்.

யார் கேட்பார்களா? எங்கள் நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில், பறித்த கொழுந்தை நிறுக்கும் இடத்தில் கிலோ குறைந்தால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது. அரைப்பேர் விழும், அதாவது பாதி நாள் சம்பளம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மாவுக்காக அங்கே காத்து நிற்பேன். "ஏன் கொறஞ்சிருக்கு?" என்பார் கணக்குப்பிள்ளை. "மலையில கொழுந்தே இல்லீங்க ஐயா. ரெண்டு வாரமா மழ இல்ல, நீங்களே வந்து பாருங்க" என்பார் அம்மா. காரணம் எடுபட்டால் முழுப்பேர். இறங்கிய எண்ணை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் இல்லை நாங்கள்.

மூன்றாவது தேர்வில் வந்தது ஏதோ ஒரு நாட்டின் மீன்பிடி. கோடு நடுவில் பள்ளத்தில் விழுந்திருந்தது. புயலோ, படகுக்கு எண்ணெய் இல்லையோ என்று எழுதக் கை துறுதுறுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, விழுந்தது, பிறகு மெல்ல ஏறியது என்று முடித்தேன். அந்த மீனவர்களைக் கைவிட்டுவிட்டு வந்ததுபோல் வெட்கமாக இருந்தது. தேறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் சொன்னதும் அம்மா அழுதுவிட்டார். பிறகு வழக்கம்போல் வேலைப் பேச்சு.

"நேத்து பத்துக் கிலோதான் புள்ள. அரைப்பேரு போட்டுட்டாங்க."

"போன மாசம் பதினெட்டு எடுத்தீங்க. கிட்டத்தட்ட பாதியாக் கொறஞ்சிருச்சும்மா."

அவ்வளவுதான் சொன்னேன்.  அந்தப் பக்கம் லயத்து வீட்டுத் தகரக் கூரையில் மழை விழுவது கேட்டது.

"ஏன்னு கேக்க மாட்டியா?" என்றார் அம்மா.