அக்கா நம்பாத களிமண்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர், எங்கள் அக்காவுக்கு மூளை பிசகிவிட்டது என்று ஒரு காலத்தில் தெருத்தெருவாகச் சொன்னவர்கள். இன்று முதலாண்டு நினைவு நாளில் ‘தெய்வப் பிறவி’ என்று கண் கலங்குகிறீர்கள். அக்கா தெய்வப் பிறவி இல்லை. கோபக்காரர். முட்டாள்தனத்தைப் பொறுக்கத் தெரியாதவர். அவரைப் பற்றிப் பொய் எழுதினால் அவருக்கே பிடிக்காது.

மன்னார்குடிக்குக் கிழக்கே, பண்ணையார் நிலத்தில் அப்பா போட்டிருந்த குடிசையில் அக்கா பிறந்தார். பத்து வருடம் கழித்து நான். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்று நடவுக்குப் போனார். அந்தக் கூலியில்தான் நான் கட்டடப் படம் வரையும் படிப்பு படித்தேன். மணமாகி நான்காம் வருடம் அத்தான் பாம்பு கடித்து இறந்தார். மறுமணம் செய்துகொள் என்று புத்தி சொல்ல வந்த உறவினர்களில் ஒருவர்கூட ஒரு படி அரிசி கொண்டுவரவில்லை. அக்கா தஞ்சாவூருக்குப் போய்ச் சித்தாள் வேலையில் சேர்ந்தார்.

குடியிருந்த மனை குடியிருந்தவருக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. எங்கள் குடிசைகள் இருந்தது ரோட்டோர மேட்டில். அதை இழக்க மனமில்லாத பண்ணையார் தன் காரியக்காரரை அனுப்பினார். வடிகால் ஓரத்தில் இதைவிடப் பெரிய இடம் தருகிறோம் என்று அவர் வீடு வீடாகப் போய்க் கைநாட்டு வாங்கினார். அது வருடத்தில் பாதி நாள் தண்ணீர் நிற்கும் பள்ளம். அப்பா தயங்கியதும் காரியக்காரர் சிரித்தாராம். “ஒங்களுக்குச் சேறு பழகுனதுதானேய்யா.”

அப்பா கைநாட்டு வைத்தார். சட்டத்தைப் படித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆளான நான் மன்னார்குடியில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஊரில் இருந்திருந்தாலும் வாயைத் திறந்திருப்பேனா என்பது சந்தேகம்.

பிறகு அரசு அந்த மனைகளில் காலனி வீடு கட்டித் தர முன்வந்தது. காண்ட்ராக்டர் ஆளுங்கட்சிக் கொடி கட்டிய ஜீப்பில் வந்தார். அவரிடம்தான் எனக்கு வேலை. இரண்டடி ஆழத்தில் சாதாரண அஸ்திவாரம் போட்டுப் படம் வரைந்தேன். மண் எப்படி என்று எழுத வேண்டிய இடத்தில், ஒரு குழிகூடத் தோண்டாமல், அவர் சொன்னபடி ‘கெட்டி மண்’ என்று எழுதினேன். மேலே இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

தஞ்சாவூரிலிருந்து திரும்பியிருந்த அக்கா, நான் எழுதுவதற்கு முன்பே அந்த மண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டார். பங்குனியில் அந்தக் களிமண் வெடித்துக் கிடந்தபோது ஒரு வெடிப்பில் கம்பியை விட்டார்; ஒரு கை நீளம் தடையில்லாமல் போனது. ஐப்பசி மழையில் அதே மண் உப்பிக்கொண்டது. அப்போது நீளக் கம்பியை அடித்து இறக்கினார். ஆள் உயரத்துக்குமேல் வழுக்கிக்கொண்டு போன கம்பி, அதற்குக் கீழே இறங்க மறுத்தது.

“மேமண்ணு கோடையில சுருங்கும், மழையில உப்பும். வீட்டையும் சேத்துத் தூக்கிப் போடும். அடிமண்ணு அசையாது தம்பி. அதுல போயி காலை ஊனணும்,” என்றார். தஞ்சாவூரில் ஒரு பெரிய கட்டடத்துக்கு அப்படித் துளை போட்டு, கம்பி இறக்கி, கான்கிரீட் நிரப்பியதை, அந்தக் கலவையைத் தலையில் சுமந்தபடியே அவர் பார்த்திருந்தார். சுமந்தவருக்குப் புரிந்தது, படித்த எனக்குப் புரியவில்லை.

அப்பா தனக்கு விட்டுக்கொடுத்த மனையில் காலனி வீடு வேண்டாம் என்று அக்கா எழுதிக் கொடுத்தார். தெருவே நடவுக்குப் போயிருந்த நேரத்தில் காண்ட்ராக்டர் என்னையும் ஏற்றிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். எங்காவது குழி தோண்டிப் பார்த்தீர்களா என்று அக்கா கேட்டதும், அவர் என்னைக் காட்டினார். “ஒன் தம்பிதாம்மா பாத்து எழுதிக் குடுத்துருக்கான். படிச்சவனைவிட ஒனக்குத் தெரியுமா?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்தேன். அதன்பின் மூன்று வருடம் அவர் என்னோடு பேசவில்லை.

தஞ்சாவூரில் தன்னோடு வேலை பார்த்த மேஸ்திரியை அழைத்துவந்து, கையால் திருகும் துளைக்கருவியை இரவல் வாங்கி, பன்னிரண்டு துளைகள் போட்டார். ஒவ்வொன்றின் அடியையும் குடம்போல் அகலமாக்கிக் கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் நிரப்பினார்கள். மேலே பீம் போட்டு, மண் உப்பினாலும் முட்டாதபடி அதன் அடியில் இடைவெளி விட்டார்கள். வீடு கட்டுகிறாளா, கிணறு வெட்டுகிறாளா என்று ஊர் கூடிச் சிரித்தது. புருஷன் இல்லாதவள் காசைக் குழியில் கொட்டுகிறாள் என்றார் எங்கள் பெரியப்பா. அவர் தன் வாழ்நாளில் கட்டியது வேட்டி மட்டும்தான்.

முதல் மழையிலேயே காலனிச் சுவர்கள் வெடித்தன. கதவுகள் சாத்த முடியவில்லை. அதிகாரிகள் பார்க்க வருவதற்கு முந்தின நாள் காண்ட்ராக்டர் வெடிப்பில் சிமெண்டைப் பூசி வெள்ளையடித்தார். மூன்றாம் வருட மழையில், ஒரு மத்தியானம், அதே தெருவில் இருந்த எங்கள் சின்னம்மா வீட்டுச் சுவர் சரிந்து அவர் கால்மேல் விழுந்தது. அன்று தெருவே அக்கா வீட்டுக்குள் வந்து நின்றது. சிரித்தவர்கள் எல்லாரும்தான். அக்கா ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, உலை வைத்தார். மழை விட்டதும் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு காண்ட்ராக்டர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். அதற்குள் ஆட்சி மாறியிருந்தது; அவர் வீட்டுக் கொடியும் மாறியிருந்தது. அடுத்த காலனியும் அவருக்கே கிடைத்தது.

நான் அந்த வேலையை விட்டேன். தைரியத்தால் அல்ல, வெட்கத்தால்.

கடைசி வருடங்களில் சிமெண்டுத் தூசி அக்காவின் நெஞ்சில் சளியாகக் கட்டியது. போவதற்கு நான்கு நாள் முன்பு என்னை அழைத்து, “கெட்டி மண்ணுன்னு எழுதுனது நீதான்னு தெருவுக்குச் சொல்லிட்டியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பதினாறாம் நாள் காரியத்திலும் நான் சொல்லவில்லை. இப்போது அச்சில் சொல்கிறேன். காண்ட்ராக்டர்தான் காரணம் என்று இத்தனை வருடம் உங்களோடு சேர்ந்து திட்டியவன் நான்.

அன்று துளை போட்ட மேஸ்திரிக்கும், கம்பி கொடுத்துவிட்டு இரண்டு அறுவடைவரை கேட்காமல் இருந்த மன்னார்குடி கம்பிக்கடை பாய்க்கும், கடைசி நாட்களில் அக்காவைக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேறு யாருக்கும் நன்றி சொல்லும் கடமை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சின்னம்மா இன்னும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் இன்று பந்தி முடிந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இதை நானே வாசித்துக் காட்டப் போகிறேன்.